வெல்ல ஆசை, வெல்லத் தெரியாத கை: ‘சிவிலைசேஷன் 5’ ஏமாற்றின கதை

2010 செப்டம்பரில் ‘சிவிலைசேஷன் 5’ வெளியானது. விமர்சகர்கள் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள். பார்க்கவும் வடிவான கேம்தான். ஆறுபக்கக் கட்டங்கள் போட்ட வரைபடம், தங்கள் தங்கள் மொழியிலேயே கதைக்கிற அரசர்கள், நல்ல இசை. ஆனால் சில கிழமைகள் போக முதலே, இந்தத் தொடரை வருசக்கணக்காய் விளையாடி வந்தவர்களிடமிருந்து ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் இருக்கிற கொம்பியூட்டருக்குச் சண்டை பிடிக்கத் தெரியேல்லை.

வில்லாளர்களை முன்னுக்கு விட்டுவிட்டு வாள்வீரர்களைப் பின்னுக்கு நிறுத்தும். நகரத்தின் அம்பு எட்டுகிற தூரத்துக்குள் படையைக் கொண்டுவந்து வைத்து, அடிக்கவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் நின்று சாகும். காவலுக்குக் கப்பல் இல்லாமல் தரைப்படையைக் கடலில் இறக்கி மிதக்க விடும். வெளியான புதிதில் நாலைந்து குதிரைப்படைகளை மட்டும் வைத்துக்கொண்டே பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாய் விழுங்கலாம் என்று அனுபவசாலிகள் செய்து காட்டினார்கள். பேரம் பேசுவதிலும் இதே நிலைதான். எதிரி அரசனிடம் ஒவ்வொரு சுற்றும் தவணையாய்த் தங்கம் தருவதாகச் சொல்லி, மொத்தக் காசை முன்கூட்டியே வாங்கிவிட்டு, அடுத்த சுற்றில் அவன்மேலேயே போர் அறிவிக்கலாம். தவணையும் நின்றுவிடும். அடுத்த முறையும் அவன் அதே பேரத்துக்கு வருவான்.

ஒரு கேமில் எதிரி மொக்காய் இருந்தால் என்ன, சுகமாய் வென்றுவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். பதில் சொல்ல முதல், எதிரி ஏன் மொக்கானான் என்று பார்க்கவேணும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பெட்டிக்குள் இருந்த ஆள்

மனிசனோடு விளையாடுகிற இயந்திரம் வேணும் என்ற ஆசை கொம்பியூட்டரை விடப் பழையது. 1770இல் வொல்ஃப்காங் வொன் கெம்பெலென், ஒஸ்திரியாவின் மரியா தெரேசாவுக்கு முன்னால் ஒரு சதுரங்க இயந்திரத்தைக் காட்டினார். துருக்கிய உடை போட்ட பொம்மை ஒன்று பெட்டிக்குப் பின்னால் இருந்து காய் நகர்த்தும். 1809இல் நெப்போலியனும் அதோடு விளையாடினார். உண்மையில் பெட்டிக்குள் ஒரு கெட்டிக்காரச் சதுரங்க ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார். ஆளை உள்ளே வைத்து ஊரைப் பேய்க்காட்டின கதை அது.

ஆள் இல்லாமல் விளையாட வைக்கிற முயற்சி உண்மையாய்த் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். அலன் டியூரிங் ஒரு சதுரங்க நிரலை எழுதினார். ஆனால் அதை ஓட்டக்கூடிய கொம்பியூட்டர் அப்போது இல்லை. 1952இல் அவரே கொம்பியூட்டர் மாதிரி இருந்து, காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டு ஒரு ஆட்டம் ஆடினார். ஒரு நகர்வுக்கு அரை மணித்தியாலமளவில் எடுத்தது. தோற்றுப்போனார். 45 வருசத்துக்குப் பிறகு, 1997 மே மாதம், ஐபிஎம்மின் ‘டீப் புளூ’ உலகச் சம்பியன் கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. அது ஒரு செக்கனுக்கு 20 கோடி நிலைகளை எண்ணிப் பார்த்தது.

டீப் புளூவின் வெற்றி எல்லாருடைய மனதிலும் ஒரு எதிர்பார்ப்பை விதைத்தது. சதுரங்கத்திலேயே உலகச் சம்பியனை விழுத்தினது, ஒரு கேமில் என்னை விழுத்தாதோ? இந்த எதிர்பார்ப்பில்தான் பிழை தொடங்குது. சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காயைத்தான் நகர்த்தலாம். ஒரு சாதாரண நிலையில் சராசரியாய் 35 நகர்வுகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தால் போதும். சிவிலைசேஷனில் ஒரே சுற்றில் உன்னுடைய எல்லாக் காய்களையும் நகர்த்தலாம். 20 படைகள், ஒவ்வொன்றுக்கும் 10 தெரிவுகள் என்று வையுங்கோ. பத்தை இருபது தடவை பெருக்கவேணும்: 1க்குப் பின்னால் 20 சைபர். அதுவும் ஒரு சுற்றுக்கு. போதாக்குறைக்கு, வரைபடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாய் உருவாகும். அதில் பாதி இருட்டில் மறைந்து கிடக்கும்.

அடுக்கு உடைந்த நாள்

முதலாவது ‘சிவிலைசேஷன்’ 1991இல் வந்தது. மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் செய்தது. கி.மு. 4000இல் ஒரு சிறு குடியேற்றத்தோடு தொடங்கி, நகரம் கட்டி, எழுத்து, சக்கரம், வெடிமருந்து, மின்சாரம் என்று கண்டுபிடித்துக்கொண்டே போய், மற்ற நாடுகளை வென்றோ விண்கலம் அனுப்பியோ முடிக்கிற ஆட்டம். ஒரு ஆட்டம் முடிய பத்து மணித்தியாலத்துக்கு மேலேயும் போகும். அவ்வளவு நேரம் கூட இருந்து விளையாட ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் பெரும்பாலான ஆக்களுக்கு எதிரி என்றால் கொம்பியூட்டர்தான்.

முதல் நாலு பாகங்களிலும் ஒரே கட்டத்தில் எத்தனை படையையும் அடுக்கலாம். 2005இல் வந்த நாலாம் பாகத்தில் இந்த அடுக்குக்கு விளையாட்டுக்காரர்கள் ஒரு பட்டமே வைத்திருந்தார்கள்: ‘அழிவின் அடுக்கு’. முப்பது படை ஒரே கட்டத்தில் ஏறி உன் எல்லைக்குள் வந்து நிற்கும். வடிவில்லாத சண்டை. கவண்பொறிகளை மோதவிட்டு அடுக்கைக் கரைக்கிறது, மிச்சத்தை வெட்டுறது, அவ்வளவுதான். ஆனால் கொம்பியூட்டருக்கு இந்த விதி வசதியாய் இருந்தது. படையின் பலத்தை எல்லாம் கூட்டு, எதிர் நகரத்தின் பலத்தோடு ஒப்பிடு, கூடவென்றால் நட. கூட்டல் கணக்கில் கொம்பியூட்டரை வெல்ல ஏலாது. நாலாம் பாகத்தின் எதிரி பெரிய அறிவாளி இல்லை. ஆனாலும் அவன் அடுக்கோடு வரும்போது நெஞ்சு இடிக்கும்.

ஐந்தாம் பாகத்தின் முதன்மை வடிவமைப்பாளர் ஜோன் ஷேஃபர் இந்த அடுக்கை ஒழிக்க நினைத்தார். ‘பன்ஸர் ஜெனரல்’ என்ற 1994ஆம் ஆண்டுப் போர் விளையாட்டு அவருக்குப் பிடித்தமானது. அதிலிருந்து ஆறுபக்கக் கட்டத்தையும், ஒரு கட்டத்தில் ஒரு படை என்ற விதியையும் எடுத்தார். யோசனை அருமையானது. இப்போது மலைக்கணவாய்க்கு மதிப்பு வந்தது. ஆற்றுக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா நிற்கிறாய் என்பது முக்கியமானது. வில்லாளருக்கு முன்னால் ஈட்டிக்காரனை நிறுத்தவேணும். மனிசருக்கு இது ஒரு விருந்து.

கொம்பியூட்டருக்கோ பழைய கூட்டல் கணக்கு உதவாமல் போனது. ஒரு படை நகர இன்னொரு படை வழிவிடவேணும். ஒடுங்கின நிலத்தில் பத்துப் படை வந்தால் சந்தி நெரிசல் மாதிரித்தான், யாரும் அசைய ஏலாது. எந்த ஒழுங்கில் நகர்த்துவது, யார் முதலில் அடிப்பது, அடிபட்டவன் எங்கே ஒதுங்குவது என்று எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கவேணும். அதையும் சில செக்கன்களுக்குள் முடிக்கவேணும். சாதாரண அளவு வரைபடத்திலேயே 8 நாடுகளும் 16 நகர அரசுகளும் இருக்கும். ‘அடுத்த சுற்று’ என்று அமத்திவிட்டு அரை மணித்தியாலம் டியூரிங்குக்குக் காத்திருந்த மாதிரி யார் காத்திருப்பார்கள்?

பன்ஸர் ஜெனரலில் இது ஏன் ஒத்துவந்தது? அங்கே ஒவ்வொரு போர்க்களத்தையும் ஆக்கள் கையால் வரைந்தார்கள். எந்தப் படை எங்கே என்று முதலே வைத்துக் கொடுத்தார்கள். பல களங்களில் கொம்பியூட்டரின் வேலை நின்ற இடத்தில் நின்று காப்பதுதான். சிவிலைசேஷனில் அந்த உதவி ஒன்றும் இல்லை. விதியை இரவல் வாங்கினார்கள். அந்த விதி நிற்கிற நிலத்தை வாங்க முடியவில்லை. 2013இல் ஷேஃபரே தன் கேமைத் திரும்பிப் பார்த்து எழுதும்போது, அந்த வரைபடத்தில் இந்த விதிக்கு இடம் போதாமல்போனதையும், அதனால் வந்த சிக்கல்களையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஆக, ஐந்தாம் பாகத்தின் கொம்பியூட்டர் நாலாம் பாகத்தின் கொம்பியூட்டரை விட மொக்கு என்று சொல்ல ஏலாது. அதனிடம் கேட்ட கேள்வி பல மடங்கு கடினமானது. நாலாம் வகுப்புக் கணக்குக்குப் பதில் சொன்ன பிள்ளையைத் தூக்கி உயர்தரச் சோதனைக்கு இருத்தின மாதிரி.

மனம் ஒன்று, கை ஒன்று

இதோடு இன்னொன்றும் மாறியது. நாலாம் பாகத்தை வடிவமைத்த சோரன் ஜோன்சன், 2008இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஒரு உரை நிகழ்த்தினார். ‘தோற்பதற்காக விளையாடுதல்’ என்று அதற்குப் பெயர். கெட்டிக்கார எதிரி வேறு, விளையாடச் சுவையான எதிரி வேறு என்பது அவருடைய வாதம். சிவிலைசேஷனில் கொம்பியூட்டர் அரசர்கள் உலகத்தின் ஒரு பகுதியாய் இருக்கவேணும். நட்பு, பகை, மதம், பழைய கணக்கு என்று நடக்கவேணும். கடைசி நேரத்தில் நண்பனின் முதுகில் குத்தி வெல்லுகிற சதுரங்க இயந்திரமாய் நடந்தால் ஒருவரும் இரண்டாம் தரம் விளையாடமாட்டார்கள். நாலாம் பாகத்தில் ஒரு அரசன் உன்னை ஏன் வெறுக்கிறான் என்பதை எண் போட்டுத் திரையிலேயே காட்டினார்கள். பிடிக்காவிட்டாலும் விளங்கும்.

ஐந்தாம் பாகம் எதிர்த்திசையில் போனது. அரசர்கள் மனிசப் போட்டியாளர் மாதிரி வெல்ல நினைக்கவேணும் என்று தீர்மானித்தார்கள். காரணங்களை மறைத்தார்கள். நேற்றுக் கட்டிப்பிடித்தவன் இன்றைக்குப் போர் அறிவிப்பான். ஏன் என்று தெரியாது. அப்படி அறிவித்தவன் படையோடு வந்து உன் மதிலுக்குக் கீழே நெரிபட்டுச் சாவான். வெல்ல நினைக்கிற மனத்தைக் கொடுத்தார்கள், வெல்லத் தெரிந்த கையைக் கொடுக்கவில்லை. பயமும் இல்லை, பாசமும் இல்லை. ஏமாற்றத்தின் உண்மையான வேர் இதுதான். பலவீனமான எதிரியைக்கூடப் பொறுக்கலாம், ஏன் செய்கிறான் என்று விளங்கினால். பிறகு வந்த திருத்தங்களில் காரணங்களைத் திரையில் காட்டத் தொடங்கினார்கள்.

எதிரிக்கு ஒரு மனம் இருக்கவேணும் என்ற எங்கட ஆசை எவ்வளவு பெரியது என்பதற்குக் காந்தி கதை போதும். முதலாவது சிவிலைசேஷனில் காந்தி திடீரென்று அணுகுண்டு போடுவார், அதற்குக் காரணம் ஒரு நிரல் பிழை, அவருடைய ஆக்ரோச அளவு 1இலிருந்து பூச்சியத்துக்குக் கீழே போய் 255ஆய்ச் சுற்றிக்கொண்டது என்று இணையம் முழுக்க ஒரு கதை. 2020இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் சிட் மையர் அப்படி ஒரு பிழையே இருக்கவில்லை என்று எழுதினார். ஆனால் கதை அதற்கு முதலே உண்மையாகிவிட்டது. ஐந்தாம் பாகத்தில் அரசர்களின் குணங்களுக்கு 10க்குள் புள்ளி போடுகிற இடத்தில், காந்திக்கு அணுகுண்டு பாவிக்கிற விருப்பத்துக்கு மட்டும் 12 போட்டு வைத்தார்கள். ஒரு சிறு கோணல் குணம் கிடைத்தாலே போதும், அந்த எதிரியை வருசக்கணக்காய்க் கதைத்துக்கொண்டு திரிகிறோம்.

அளாப்புகிற கடவுள்

கொம்பியூட்டர் கெட்டித்தனமாய் விளையாடாவிட்டால், கடினமான ஆட்டத்தை எப்படிக் கொடுப்பது? வழி பழையதுதான்: அளாப்பவேணும். ஆறாம் பாகத்தின் அதிகூடிய நிலைக்குப் பெயர் ‘டீயிட்டி’, அதாவது கடவுள் நிலை. அங்கே நீங்கள் ஒரு குடியேறியோடு தொடங்குவீர்கள். கொம்பியூட்டர் மூன்று குடியேறிகளோடும் ஐந்து போர்வீரர்களோடும் தொடங்கும். அதன் உற்பத்தி, தங்கம், அறிவியல் எல்லாவற்றுக்கும் மேலதிகச் சலுகை. நிலை கூடக் கூட எதிரியின் மூளை வளராது, பொக்கற்றுத்தான் வீங்கும்.

இதனால் விளையாட்டின் சுவையே மாறிப்போகுது. கடவுள் நிலையில் வெல்லுகிறவர் எதிரியின் திட்டத்தை முறியடித்து வெல்லுவதில்லை. அது எங்கே எப்படித் தடுமாறும் என்று பாடமாக்கி வெல்லுகிறார். கெம்பெலெனின் பெட்டிக்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தார். இந்தப் பெட்டிக்குள் மூட்டை மூட்டையாய்த் தங்கம் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு விளையாட்டுக்காரரிலும் பங்கு இருக்கு. 2010இல் ஒரு உரையில் சிட் மையர் சொன்ன அவதானம் ஒன்று: 3க்கு 1 என்று சாதகம் இருந்தும் சண்டையில் தோற்றால் ஆக்களுக்குக் கோபம் வரும், கேம் அளாப்புது என்பார்கள். 1க்கு 3 என்று பாதகத்தில் இருந்து வென்றால் ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை, தங்கட கெட்டித்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே எங்களை வெல்லக்கூடிய எதிரியை நாங்கள் கேட்கிறோமா, இல்லை வெல்லக்கூடிய மாதிரித் தெரிந்து கடைசியில் தோற்கிற எதிரியைக் கேட்கிறோமா? அனேகமாய் இரண்டாவதைத்தான்.

ஆனால் இதைச் சாட்டாய் வைத்துத் தப்ப ஏலாது. 2012இல் ஐந்தாம் பாகத்தின் விளையாட்டு நிரலின் மூலம் வெளியிடப்பட்ட பிறகு, ரசிகர்கள் கூடி ‘வொக்ஸ் பொப்புலி’ என்ற பெரிய மாற்றத்தொகுப்பைச் செய்தார்கள். அதில் கொம்பியூட்டரின் போர்த்தந்திரத்தைத் திரும்ப எழுதினார்கள். அதே கேம், அதே ஆறுபக்கக் கட்டம், அதே ஒரு கட்டத்தில் ஒரு படை. எதிரி இப்போது சூழுகிறான், காயப்பட்டவனைப் பின்னுக்கு எடுக்கிறான். நாலாம் பாகத்திலும் இப்படி நடந்தது. ஒரு ரசிகர் மேம்படுத்தின கொம்பியூட்டரை நிறுவனமே எடுத்து 2007 விரிவாக்கத்தில் சேர்த்துக்கொண்டது. கடினம், ஆனால் ஏலாத காரியம் இல்லை. நேரமும் ஆளும் ஒதுக்கவேணும். விளம்பரப் படத்தில் மலையின் வடிவைக் காட்டலாம். எதிரியின் மூளையைப் படம் பிடிக்க ஏலாது. எதற்குக் காசு போகும் என்று சொல்லத் தேவையில்லை.

பின்னால் வந்த பாகங்களில் விதியையே மெல்ல மெல்லத் தளர்த்துகிறார்கள். ஐந்தாம் பாகத்தின் கொம்பியூட்டர் எதிரியில் வேலை செய்த எட் பீச்தான் 2016இல் வந்த ஆறாம் பாகத்தின் முதன்மை வடிவமைப்பாளர். அதில் பிற்காலப் படைகள் இரண்டு மூன்றை ஒன்றாய் இணைக்கலாம். 2025 பெப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தில் ஒரு தளபதிக்குள் பல படைகளைச் சுருட்டி வைத்து நகர்த்தி, சண்டை வரும்போது விரிக்கலாம். 2010இல் உடைத்த அடுக்கு வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கு.

கண்டியும் கணினியும்

இனி முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். எதிரி மொக்காய் இருந்தால் என்ன?

இது கரமோ தாயமோ இல்லை. உலக வரலாறு என்று சொல்லி விற்கிற ஆட்டம். இந்த வகைக்கு 1993இல் அலன் எம்ரிச் என்ற எழுத்தாளர் வைத்த பெயர் ‘4எக்ஸ்’: தேடு, விரி, சுரண்டு, அழி. நாலு சொல்லும் வினைச்சொல். நாலும் ஒருவன் செய்கிற வினை. மற்றவர்கள் அந்த வினை விழுகிற இடம். அந்த மற்றவர்களுக்கு மூளையும் இல்லாவிட்டால் வரைபடம் என்னவாகும்? எடுக்க ஆளில்லாமல் கிடக்கிற நிலமாகும். குடியேற்றக்காரர் உலகத்தைப் பார்த்த பார்வையும் அதுதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் மூளை இருந்ததாய் எழுதின வரலாற்றை வாசித்து வளர்ந்த எங்களுக்கு இது புதிசில்லை.

ஆறாம் பாகத்தில் கண்டி வருகிறது, ஒரு நகர அரசாய். நகர அரசுகளால் ஆட்டத்தை வெல்ல ஏலாது. அவற்றின் ஆதரவை வாங்கிப் பயன் எடுக்கத்தான் இருக்கின்றன. கண்டியின் ஆதரவை வென்றால் இயற்கை அதிசயங்களைக் கண்டுபிடிக்கும்போது உங்களுக்குப் புனித சின்னங்கள் கிடைக்கும். அவ்வளவுதான் கண்டி.

வரலாற்றுக் கண்டி என்ன செய்தது? துவக்கிலும் பீரங்கியிலும் கூடின போர்த்துக்கேயரை மலைக்குள் வர விட்டது. ஒடுங்கின பாதை, காடு, மழை. பின்னால் வழியை அடைத்தது, சாப்பாட்டை நிப்பாட்டியது. 1594இல் தந்துறை, 1630இல் ரந்தெனிவெல, 1638இல் கன்னொறுவை என்று மூன்று தரம் போர்த்துக்கேயப் படை அழிந்தது. ஒல்லாந்தராலும் கண்டியைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1803இல் ஆங்கிலேயரும் அடிவாங்கித் திரும்பினார்கள். 1815இல் விழுந்தபோதும், அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையில் விழுந்த பிளவுதான் வாசலைத் திறந்தது. நிலத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பாவிக்கத் தெரிந்த எதிரி என்றால் அதுதான். ‘ஒரு கட்டத்தில் ஒரு படை’ விதியைக் கண்டிக்காரருக்குக் கொடுத்திருந்தால் கணவாயில் என்ன செய்யவேணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு எதிரிக்குக் காரணம், பயம், தந்திரம், பொறுமை என்று கொடுத்தால்தான் அவனும் வரலாற்றில் ஒரு ஆள். இரண்டு குடியேறிகளை மேலதிகமாய்க் கொடுத்தால் அவன் பணக்காரத் தடைக்கல், அவ்வளவே. ஏழாம் பாகத்தில் சோழர்களும் வந்துவிட்டார்கள் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். படமும் பெயரும் வந்தது நல்லதுதான். ஆனால் நீங்கள் வேறு நாட்டைத் தெரிந்து விளையாடும்போது எதிர்க்கரையில் நிற்கிற அந்தச் சோழனை ஓட்டுவது கொம்பியூட்டர்தான். அவனுடைய கடற்படை எதற்கு வருகிறது, எப்போது திரும்புகிறது என்று பாருங்கோ. அந்தக் கேமுக்கு வரலாறு எவ்வளவு தெரியும் என்பது அதில் விளங்கும்.